நிஷிதானியின் ஊர்ப்பெட்டி

ஊர்ப்பெட்டியைத் திறக்கப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தபோது ஷிகெயோ வாசலோரத்து ஓடையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். ஊரில் இருப்பதே மூன்று வீடு. அறிவித்தவர் எதிர்மேட்டு மசுதாரோ. ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருந்தாலே மற்ற இரண்டு வீட்டுக்கும் கேட்டிருக்கும். ஊர்க்காரியம் என்றால் ஒலிபெருக்கியில்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. இலையுதிர்காலத் திருவிழா முடிந்த மறு ஞாயிறு, பழைய பள்ளிக்கூடத்தில், ஊரைவிட்டுப் போனவர்களும் சேர்த்து எல்லா வீட்டுத் தலைவர்களும் கூடி, ஊர்ப்பெட்டியைத் திறந்து உள்ளே இருக்கும் காகிதங்களைப் படம் பிடிக்கக் கொடுக்கப்போகிறோம் என்று இரண்டு தடவை படித்தார். முள்ளங்கி ஒன்று கையிலிருந்து நழுவி ஓடையோடு போயிற்று. ஷிகெயோ அதைப் பிடிக்க எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் காகிதம் எதுவும் இல்லை. உடைந்த கூரை ஓடுதான் இருந்தது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று இத்தனை வருஷமும் அவள் நம்பியிருந்தாள். ஒருவர் அவள் கணவர் தோகுஜி. அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இன்னொருத்தி அவள்.

ஷிமானே மலைகளில் ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு பெட்டி உண்டு. பழைய வரிக்கணக்கு, தண்ணீர் பங்கு, எந்தப் புல்மேடு யாருக்கு என்கிற எல்லைப்படம், பக்கத்து ஊரோடு போட்ட ஒப்பந்தம் என்று ஊருக்குப் பொதுவான காகிதமெல்லாம் அதில்தான் கிடக்கும். நிஷிதானியின் பெட்டி யாருக்கும் சொந்தமில்லை. வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். புத்தாண்டு கழிந்ததும் போன வருஷத்து வீட்டுக்காரர் அதை முதுகில் கட்டிச் சுமந்துபோய் அடுத்த வீட்டு வாசலில் இறக்குவார். வாங்கிக்கொள்கிறவர் ஒருமுறை தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு" என்பார். கொண்டுவந்தவர், "கனம்தான்" என்பார். பிறகு ஆளுக்கொரு கிண்ணம் சாக்கே, அரிசி மது. அவ்வளவுதான் சடங்கு. பெட்டியைத் திறக்கக் கூடாது. திறக்க வேண்டுமானால் எல்லா வீட்டுத் தலைவர்களும் ஒன்றாக உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

ஷிகெயோ இரண்டு மலை தாண்டிய ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் நிஷிதானியில் இருபதுக்கு மேல் வீடுகள். பள்ளிக்கூடத்து மணி காலையில் பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். தோகுஜி அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க வந்தபோதே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், பாம்புக்குப் பயமா என்று. பயமில்லை என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுப் பழம் தின்ன ஆரம்பித்தார். வயலும் கரிச்சூளையும் அவர் பங்கு. ஷிகெயோ கீழ்நகரத்துத் தையல் கூடத்தில் சட்டைக் கழுத்துப்பட்டி தைக்கப் போய்வந்தாள். ஒரு மகள் பிறந்தாள்; வளர்ந்தாள்; ஹிரோஷிமாவுக்குப் போனாள். கணவனும் மனைவியும் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டது பெரும்பாலும் காட்டுப்பன்றியைப் பற்றி. அதில் அவளுக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. கடப்பாரையைக் கீழே வைக்கிற சத்தத்திலிருந்தே அவர் மனசு எப்படி இருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். முடியும் என்று நினைத்திருந்தாள்.

மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒரு ஜூலை மாதம் மழை விடாமல் கொட்டி, பின்பக்க மலை சரிந்து வீட்டுக்குள் வந்தது. அந்த வருஷம் பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது. இடுப்பளவு சேற்றில் தோகுஜி முதலில் குழந்தையை வெளியே கொண்டுவந்தார். பிறகு மாமியாரை. மூன்றாவதாகப் பெட்டியை. அதற்குள் அது மிதந்து, கவிழ்ந்து, ஊறிப்போயிருந்தது. பாதை அடைந்துகிடந்தது, ஊரே சேற்றை வாரிக்கொண்டிருந்தது. வீட்டுத் தலைவர்களைக் கூட்டி உட்காரவைக்கிற வேளையா அது. அன்று மத்தியானமே தோகுஜி பெட்டியைத் திறந்தார். கட்டுக்கட்டாக இருந்த காகிதம் ஊறின அரிசிப் பலகாரம்போல ஒட்டிக்கொண்டிருந்தது.

பாதை திறந்ததும் அவர் கீழ்நகரத்துத் தோயாவிடம் போனார். தள்ளுகதவுகளுக்குக் காகிதம் ஒட்டுகிற கிழவர். கையால் செய்த காகிதத்தை நனைக்கவும் பிரிக்கவும் உலர்த்தவும் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் அவர்தான். வெள்ளத்தில் கெட்டுப்போன வீட்டுக் கதவுகளும் அதே வண்டியில் போயின. கதவுக்குப் புதுக் காகிதம், கட்டுகளுக்குப் பிரித்து உலர்த்தும் வேலை. இரண்டையும் ஒன்றாக இறக்கிவிட்டு, இதையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுச் சேறு வாரத் திரும்பிவிட்டார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

அந்த மலைகளில் கதவு ஒட்டக் கொடுக்கிறவர்கள் உள்பூச்சுக்கு வீட்டிலிருக்கும் பழைய காகிதத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். மரச்சட்டத்துக்கும் மேலே தெரிகிற நல்ல காகிதத்துக்கும் நடுவில் அதை நாலைந்து அடுக்காக ஒட்டுவார்கள். பழைய காகிதம் எவ்வளவு பழையதோ கதவு அவ்வளவு நாள் உழைக்கும். தோயா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். தோகுஜி திரும்பப் போனபோது கதவுகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கிழவருக்குக் கொள்ளாத சந்தோஷம். இந்தக் காலத்தில் இப்படிக் காகிதம் யார் வீட்டில் இருக்கிறது, நார் ஒவ்வொன்றும் நூல் மாதிரி, உங்கள் பேரன் காலம்வரை இந்தக் கதவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். மறுபடி உரிக்க முடியுமா என்று தோகுஜி கேட்டார். உரித்தால் கூழாகத்தான் வரும் என்று கிழவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து கதவுகளைச் சட்டத்துக் காடியில் ஏற்றிவிட்டு, தோகுஜி அவற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ஷிகெயோவிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல்முறை. அந்தக் குளிர்காலம் வெள்ளத்தில் உடைந்த ஓடுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். புத்தாண்டு கழிந்து முதுகில் கட்டிக்கொண்டு, அடுத்த முறை வந்த கியோனோ வீட்டுக்கு நடந்தார். கியோனோவின் கணவர் தூக்கிப் பார்த்து, கனமா இருக்கு என்றார். ஷிகெயோ பின்னால் சாக்கே பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பெட்டியை இறக்கியபோது உள்ளே 'களுக்' என்றது அவள் காதில் தெளிவாக விழுந்தது. தோகுஜி, கனம்தான் என்றார்.

அதன் பிறகு அவர் ஊர்க்கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்தார். ஊர்த்தலைவர் முறை வந்தபோது முதுகுவலி என்று சொல்லி விட்டுக்கொடுத்தார். முதுகில் ஒரு வலியும் இல்லை என்பது ஷிகெயோவுக்குத் தெரியும்.

வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பள்ளிக்கூடம் மூடியது. வீடு குறையக் குறையப் பெட்டி சீக்கிரம் சீக்கிரமாகத் திரும்ப வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு முதல்முறையாக அது அவர்கள் வீட்டுக்கு வந்தபோது தோகுஜி வாசலில் தூக்கிப் பார்த்தார். கனமா இருக்கு என்றார். ஆனால் பெட்டி சத்தம் போடவில்லை. அவர் முகம் ஒருமாதிரி ஆனதை ஷிகெயோ பார்த்தாள். மறுநாள் வயலிலிருந்து அவள் வந்தபோது அவர் கிணற்றடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவமானம் இன்னும் மனுஷனை விடவில்லை என்று நினைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்ச் சோறு வைத்தாள்.

தோகுஜி நுரையீரல் நோயில் போனார். மருத்துவமனையில் கடைசி வாரத்தில் வரப்பு வெட்டியாயிற்றா என்று கேட்டார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ஷிகெயோவை அரித்தது. அந்தப் பாரத்தோடே போய்விட்டாரே என்று. புத்தர் மாடத்தில் அவர் படத்துக்கு முன்னால் சோறு வைக்கும்போதெல்லாம், முகம் வாடியிருப்பதுபோலவே அவளுக்குத் தெரிந்தது. எடுத்த நாளில் அவர் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த படம் அது.

மூன்று வீட்டை ஓர் ஊராக வைத்துக்கொள்ள முடியாது, வசந்தத்திலிருந்து கீழூரோடு சேர்த்துவிடுகிறோம் என்று நகராட்சி சொன்னது. ஷிகெயோவும் பனிக்காலத்துக்குள் மகளிடம் போவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். பொதுச்சொத்தைப் பிரிக்க வேண்டும். பாத்திரம், கூடாரம், திருவிழா மேளம் எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்தது. பெட்டிக்குத்தான் இடமில்லை. அப்போதுதான் ஒகிதா வந்தாள். கடற்கரைப் பக்கத்துக் காப்பகத்தில் வேலை செய்கிற நடுவயதுப் பெண். ஆளில்லாமல் போகிற ஊர்களுக்குச் சின்ன வண்டியில் போய், குப்பைக்கும் நெருப்புக்கும் போகிற காகிதங்களைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறவள். இன்னொரு மலையூரில் தான் போய்ச் சேர ஒரு வாரம் முன்னால் காகிதங்களோடு வீட்டை இடித்துவிட்டார்கள் என்று மசுதாரோ வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு சொன்னாள். மசுதாரோ உடனே ஒப்புக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷிகெயோ தேநீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கவில்லை.

திறப்புக்கு முந்தின நாள் மசுதாரோவிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று அவள் மேடேறிப் போனாள். எண்பத்து நாலு வயசு மனிதர் ஏணிமேல் நின்று சீமைப்பனிச்சைப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். குரங்குக்குக் கொடுப்பதா எனக்குக் கொடுப்பதா என்று பழத்தோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

"மசுதாரோ-சான், நாளைக்கு முன்னாடி ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"பெட்டி விஷயம்தானே?"

"ஆமா."

"அப்ப நாளைக்குச் சொல்லு. தனியாச் சொன்னா ஊர்க்காரியம் ஆகாது." ஒரு கூடைப் பழத்தை அவள் கையில் திணித்தார். "சட்டுன்னு கீழ போ. மேல குரங்கு நிக்குது, நீதான் திருடுறேன்னு நினைச்சுக்கப் போவுது."

அவள் கூடையோடு திரும்பினாள். வழியெல்லாம் நாளைக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். தோகுஜி குழந்தையையும் தாயையும் காப்பாற்றிவிட்டுத்தான் பெட்டியை எடுத்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லை, அது சாக்கு மாதிரித் தெரியும். கடைசியில் சொல்ல வேண்டும். இல்லை, சொல்லவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பழைய பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கார்கள் நின்றன. மத்சுவேயிலிருந்தும் ஹிரோஷிமாவிலிருந்தும் பழைய வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பா போய்விட்ட வீட்டுக்கு மகனோ மகளோ. ஒவ்வொருவரும் தத்தம் பழைய வகுப்பறையில் போய்ப் பெஞ்சைத் தடவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு நீலத் துணிமேல் பெட்டி. ஒகிதா பக்கத்தில் படக்கருவியை ஒரு கம்பத்தில் தலைகீழாகப் பொருத்தி, விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மசுதாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு மூடியில் கைவைத்தார். ஷிகெயோ எழுந்தாள்.

ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில் வரவில்லை. பெட்டிக்குள் ஓடுதான் இருக்கிறது என்றாள். வெள்ளத்து வருஷம் தன் வீட்டுக்காரர் வைத்தது என்றாள். காகிதமெல்லாம் தன் வீட்டுக் கதவுக்குள் போய்விட்டது, தோயா மேல் தவறில்லை, சொல்லாமல் கொடுத்த தங்கள் மேல்தான் தவறு என்றாள். பிறகு குனிந்து வணங்கியவள் நிமிரவில்லை. பாய்த்தரையின் நெசவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாரோ இருமினார்கள்.

"ஓடுன்னு தெரியும்" என்றார் கியோனோ. ஊரில் மிஞ்சிய மூன்றாவது வீட்டுக் கிழவி, ஷிகெயோவைவிட மூத்தவர், நாக்கு மட்டும் இன்னும் இளமையாக இருப்பவர். "எங்க வீட்டுப் படியில இறக்கினப்பவே 'களுக்'னுதே. காகிதம் எந்த ஊர்ல களுக்குங்குது? நீ உக்காரு, ஷிகெயோ-சான், இடுப்பு பிடிச்சுக்கும்."

ஷிகெயோ நிமிர்ந்தாள். உட்கார மறந்துவிட்டாள்.

அன்று ராத்திரியே தன் கணவர் பெட்டியைத் திறந்து பார்த்ததாகக் கியோனோ மற்றவர்களுக்குச் சொன்னார். பிள்ளையையும் அம்மாவையும் தூக்கிவிட்டுப் பெட்டியையும் தூக்கினானே, இதற்குமேல் மனுஷன் என்ன செய்வான் என்று சொல்லி ஓட்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்து வைத்தாராம், அடுத்த வீட்டு வாசலில் சத்தம் வரக்கூடாது என்று. ஊர் விதிப்படி திறக்கக் கூடாதே என்று மத்சுவேயிலிருந்து வந்த ஒருவர் இழுத்தார்.

"உங்கப்பாவும் திறந்தாரு" என்றார் மசுதாரோ. "நானும் திறந்தேன். இங்க உக்காந்திருக்கற வீடு அத்தனையும் திறந்த வீடுதான். வெளிய சொல்லலை, அவ்வளவுதான்."

அவர் மூடியைத் தூக்கினார்.

மேலே புதிய பருத்தித் துண்டு ஒன்று மடித்துக் கிடந்தது. யாரோ ஒருவருடைய சாவு வீட்டில் கொடுத்தது. அதன் கீழே பாச்சை உருண்டைகள். அதன் கீழே ஷிகெயோ எதிர்பார்க்காதவை. பள்ளிக்கூடம் மூடிய நாளில் கடைசி ஐந்து பிள்ளைகளும் ஆசிரியரும் நின்ற புகைப்படம். நாற்று நடும்போது பெண்கள் பாடியதைப் பதிவுசெய்த ஒலிநாடா. உறையில் கியோனோவின் கோணல் எழுத்து. கரிச்சூளைகள் எங்கெங்கே இருந்தன என்று பென்சிலில் போட்ட படம். ஒரு பொட்டலம் விதைநெல், இப்போது யாரும் பயிரிடாத ரகம். திருவிழா நாடகத்தில் அரக்கன் வேஷத்துக்கு வைக்கிற பல். அந்தப் பல்லைப் பார்த்ததும் ஹிரோஷிமாக்காரர் ஒருவர் தன் அப்பாவின் பல் அது என்று கத்திவிட்டு, வேஷப் பல் என்று அவசரமாகத் திருத்திக்கொண்டார்.

வெறும் ஓட்டைச் சுமந்து போவது மனசுக்கு ஒப்பவில்லை என்று மசுதாரோ ஒகிதாவுக்கு விளக்கினார். அதனால் ஒவ்வொரு வீடும் தன் முறை வரும்போது ஏதாவது ஒன்றை உள்ளே வைத்தது. கனம் மாறக்கூடாது என்பதால் ஒன்றை வைத்தால் அதற்கு ஈடாக ஓட்டில் ஒன்றிரண்டை எடுத்துவிட்டது. அப்படி எடுத்த ஓட்டை என்ன செய்தீர்கள் என்று ஒகிதா கேட்டாள். தன் கழிப்பறைப் பாதையில் பதித்திருப்பதாக மசுதாரோ சொன்னார். அதையும் படம் பிடிக்க வேண்டுமா என்றும் கேட்டார். பிடிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

"இங்க பாரு" என்று கியோனோ பஞ்சுக்குள் கையைவிட்டு ஒன்றை எடுத்து ஷிகெயோவின் உள்ளங்கையில் வைத்தார்.

செம்பில் செய்த வட்டமான கதவுக் கைப்பிடிக் குழி. ஒரு நாரை பொறித்தது. ஷிகெயோவுக்கு அதைத் தெரியாமலா. அவள் வீட்டுக் கதவில் இருந்தது. பல வருஷத்துக்கு முன் ஒரு நாள் அது காணாமல் போய் அந்த இடத்தில் தோகுஜி மரத்தில் செதுக்கிய ஒன்று உட்கார்ந்திருந்தது. நல்ல செம்பை எங்கே தொலைத்தீர்கள் என்று அன்றைக்கு முழுவதும் திட்டியிருக்கிறாள். அவர் சோற்றுக் கிண்ணத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டாந்தரம் உங்க வீட்டுக்குப் போய்ட்டு வந்த பெட்டிக்குள்ள இது இருந்துச்சு" என்றார் கியோனோ. "கதவுக் கைப்பிடி. அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு, காகிதம் எங்க இருக்குன்னு. கதவு ஒட்டக் குடுக்கற ஊர்தானே இது. அவனும் பெட்டியத் திறந்து எங்க சாமானையெல்லாம் பார்த்திருக்கான். நாங்க யாரும் அவனை ஒண்ணும் நினைக்கலைன்னு தெரிஞ்சுதான் இதை வச்சிருக்கான்."

ஷிகெயோ செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கிணற்றடியில் அவர் முகம் கழுவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அல்லது பன்றியைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

"எனக்கு ஏன் யாரும் சொல்லலை?" என்றாள்.

கியோனோ உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? புருஷன் பொண்டாட்டி பேசிக்கிட்டிருப்பீங்கன்னு நினைச்சோம்."

"பேசுற ஆளா அவரு."

"அதுவும் சரிதான்."

அப்போதுதான் ஷிகெயோ உட்கார்ந்தாள். அழவில்லை. வெகுதூரம் விறகு சுமந்து வந்து இறக்கியதும் தோள் தானாக மேலே எழும்புமே, அப்படி உடம்பு முழுவதும் எழும்புவதுபோல இருந்தது. கூடவே கொஞ்சம் கோபமும் வந்தது. இருபது வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனுஷன். அவர் தூங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவள் விழித்திருந்திருக்கிறாள். சரி, தூங்கினாரே. அது போதும். பெருமூச்சு ஒன்று வந்து, அதை விட்ட பிறகு பக்கத்தில் யாரோ வைத்த சோற்று உருண்டையைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. எடுத்துத் தின்றாள்.

ஒகிதா அதுவரை காத்திருந்தாள். பிறகு ஷிகெயோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குடும்பப் பெயர் சொல்லி, "குவாபாரா-சான், அந்தக் கதவையெல்லாம் நான் எப்ப வந்து கழட்டிக்கலாம்?" என்று கேட்டாள்.

"உரிச்சாக் கூழாத்தான் வரும்னாரே தோயா."

"அந்தக் காலத்துல அப்படித்தான். இப்ப வழியிருக்கு. ஆனா முழுசா வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்."

மறுநாளே கழற்றினார்கள். மொத்தம் இருந்தது எட்டுக் கதவு. வடக்குப் பக்கத்துக் கதவொன்றை எலி குடைந்திருந்தது. இன்னொன்றை மகளின் பிள்ளைகள் ஒரு கோடையில் காலால் உதைத்துக் கிழிக்க, தோகுஜி ஊரில் இல்லாத சமயம் உரித்தாலும் கூழ்தானே என்று ஷிகெயோவே புத்தாண்டுச் சொக்கப்பனையில் போட்டு எரித்திருந்தாள். கதவு போனதே என்று, திரும்பி வந்த தோகுஜி ஒரு நாள் முழுக்க வாய் திறக்கவில்லை. அதையும் ஒகிதாவிடம் சொன்னாள். ஒகிதா கொஞ்சநேரம் கண்ணை மூடிக்கொண்டு, சரி, மீதியைப் பார்ப்போம் என்றாள்.

பள்ளிக்கூடத்தில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு முதல் கதவைப் படுக்கவைத்தார்கள். மேல்காகிதத்தைக் கத்தியால் ஓரம் அறுத்து எடுத்தார்கள். அதன் கீழே கருமை படிந்த எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக, தலைகீழாகவும் குறுக்காகவும் மீன் செதில்போல ஒட்டப்பட்டிருந்தன. ஒகிதா மெல்லிய திவலையாகத் தண்ணீர் தெளித்தாள். காத்திருந்தாள். மறுபடி தெளித்தாள். அறையில் புளித்த பசை வாடை எழுந்தது. ஷிகெயோ, கியோனோ, மசுதாரோ மூன்று பேரும் சுவரோரம் பிள்ளைகள் நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் பட்டையை ஒரு மூலைக்குள் விட்டு ஒகிதா மெதுவாக உயர்த்தினாள். காகிதம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீர். பிறகு அது ஒரு முனகல்கூட இல்லாமல், நனைந்த இலை கல்லிலிருந்து வருவதுபோல முழுசாக வந்தது.

"தோயா கஞ்சிய நல்லாத்தான் காய்ச்சியிருக்காரு" என்றார் மசுதாரோ. மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

பனி விழுவதற்குள் ஆறு கதவையும் முடித்தார்கள். வாரக்கடைசிகளில் ஒகிதாவின் தோழிகள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். உரித்த ஒவ்வொரு தாளையும் உறிஞ்சுதாளுக்கு நடுவில் வைத்து உலர்த்தி, கம்பத்தின் கீழே வைத்துப் படம் பிடித்தார்கள். படம் கணினித் திரையில் பெரிதாக வரும்போதெல்லாம் கியோனோ அருகில் போய், எழுத்துப் புரியாவிட்டாலும், கையெழுத்து நன்றாயில்லை, எங்கள் வீட்டு மூதாதையராகத்தான் இருக்கும் என்று சொல்லுவார். ஷிகெயோ எல்லாருக்கும் முள்ளங்கி ஊறுகாயும் சூடான சாறும் கொண்டுபோனாள். ஒகிதாவின் பட்டியலில், இதுவரை யார் பாதுகாப்பில் இருந்தது என்று எழுத ஓரிடம் இருந்தது. என்ன எழுதலாம் என்று கேட்டபோது ஷிகெயோ தயங்கினாள். குவாபாரா தோகுஜி என்று எழுது, கதவுக்குள் வைத்துக் காப்பாற்றினான் என்று எழுது என்றார் மசுதாரோ. ஒகிதா அப்படியே எழுதினாள்.

கடைசிச் சனிக்கிழமை உலர்ந்த தாள் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்த ஒகிதா சிரித்தாள். என்ன என்று கேட்டார்கள். பன்றி வராமல் ஊரைச் சுற்றிக் கல்சுவர் கட்டிய காலத்து மனு ஒன்று. எல்லா வீடும் கல் சுமக்க வேண்டும் என்று முடிவானபோது, மூன்று வீட்டார் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லி வரவில்லை, அவர்களை என்ன செய்யலாம் என்று ஊர் கேட்டிருக்கிறது. மூன்று வீட்டின் பேரும் கீழே இருந்தது. முதல் பேர் குவாபாரா.

மசுதாரோ நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "முதுகுவலின்னு எழுதியிருக்கா?"

"முதுகுன்னு போடலை. வலின்னு மட்டும் போட்டிருக்கு."

"பரம்பரை" என்றார் மசுதாரோ.

ஷிகெயோ கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்தாள். சிரிப்பில் கெண்டி ஆடிச் சாறு சிந்திவிடும் போலிருந்தது. "ஒகிதா-சான், அந்த ஒரு தாளை மட்டும் விட்டுட முடியாதா?"

"படம் ஏறிப்போச்சு, குவாபாரா-சான். இனிமே யாராலயும் அழிக்க முடியாது."

"எலி குடைஞ்ச கதவுல அது இருந்திருக்கக் கூடாதா" என்று ஷிகெயோ முணுமுணுத்தாள். எல்லோருக்கும் இன்னொரு கிண்ணம் ஊற்றினாள்.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினாள். மகள் தொலைபேசியில், கதவே இல்லாத வீட்டில் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறாய், நாளைக்கே வந்து அழைத்துப் போகிறேன் என்று சத்தம் போட்டாள். அடுத்த வாரம் வா, அதுவரை காற்று வருகிற பக்கம் கனத்த போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறேன் என்று ஷிகெயோ சமாதானம் சொன்னாள். அடுப்படியிலிருந்து பார்த்தால் இப்போது வீடு ஒரு கோடிமுதல் மறுகோடிவரை ஒரே கூடமாகத் தெரிந்தது. சோறு வடிக்கிற இடத்திலிருந்தே புத்தர் மாடமும் படமும் தெரிந்தன. தோகுஜி சிரித்துக்கொண்டிருந்தார். ஷிகெயோ அவருக்குச் சோறு வைத்து, ஊதுபத்தி ஏற்றி, கை கூப்பி உட்கார்ந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். பிறகு கல்சுவர் விஷயத்தை அவருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.